பகுத்ததும் தொகுத்ததும்: ஹட்டனில் வாங்கிய பின்னத் தட்டுப் பெட்டி பற்றிய மதிப்பீடு

இலங்கையின் மலையக நகரான ஹட்டனின் பிரதான வீதியிலுள்ள புத்தகக் கடை ஒன்றில், சென்ற தவணையின் தொடக்கத்தில், பின்னங்களைக் கற்பிப்பதற்கென்று தயாரிக்கப்பட்ட பிளாஸ்டிக் தட்டுப் பெட்டி ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். தோட்டப் பாடசாலையில் தரம் 6, 7 மாணவர்களுக்குக் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில், அதைத் தவணை முழுவதும் வகுப்பில் வைத்துப் பயன்படுத்திய பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். விலையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடலாம். தோட்டத் தொழிலாளருக்கென 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் ஒரு முழுப்பேர், அதாவது ஒரு முழு நாள் வேலைக்கான பதிவு, விழுந்தாலும் இந்தப் பெட்டியின் முக்கால் பங்குக்குத்தான் பணம் தேறியிருக்கும். ஆகவே தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வரும் பெற்றோர் ஒருவர் இதை வாங்கலாமா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. என் பதில் இது: பெட்டி நல்ல பெட்டி, ஆனால் அதனுள் இருக்கும் கையேட்டின் ஐந்தாம் பக்கத்தைத் திருத்தாமல் பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது.

பெட்டிக்குள் ஒன்பது வட்டங்கள் உள்ளன. ஒன்று முழு வட்டம். மற்றவை இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று சமமாக வெட்டப்பட்டவை. மொத்தம் 51 துண்டுகள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு நிறம். அரைத் துண்டுகள் சிவப்பு என்றால் கால் துண்டுகள் நீலம், ஆறிலொன்றுகள் பச்சை என்று எங்கும் மாறாமல் வருகிறது. துண்டின் ஒரு முகத்தில் மட்டும் அதன் பின்னம் அச்சிடப்பட்டிருப்பதால், புரட்டிப் போட்டு நிறத்தையும் அளவையும் மட்டும் காட்டிக் கேள்வி கேட்கவும் முடிகிறது. இவற்றோடு வட்டக் குழியுள்ள தட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் வட்டத்தைத் துண்டுகளால் நிரப்ப வேண்டும். மற்றது வெறுமையாக இருக்கும், அதில் எடுத்த துண்டுகளை வைக்க வேண்டும். பெட்டியைத் திட்டமிட்டவர் யாராக இருந்தாலும், இந்த இரண்டாவது தட்டைச் சேர்த்ததற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

பாராட்டுக்குக் காரணம் உண்டு. நமது பாடநூல்கள் பின்னத்தின் கீழெண்ணைப் பகுதியெண் என்றும் மேலெண்ணைத் தொகுதியெண் என்றும் சொல்கின்றன. பகுத்தல் என்பது பிரித்தல். தொகுத்தல் என்பது சேர்த்தெடுத்தல். ஒரு முழுமையை எத்தனையாகப் பகுத்தோம் என்பதைக் கீழெண்ணும், பகுத்தவற்றுள் எத்தனையைத் தொகுத்தோம் என்பதை மேலெண்ணும் சொல்கின்றன. ஐந்தில் மூன்று என்றால் முதல் தட்டில் ஐந்து துண்டுகள், இரண்டாவது தட்டில் மூன்று துண்டுகள். பெட்டியின் இரு தட்டுகளும் தமிழ்ச் சொற்களின் இரு வினைகளையும் அப்படியே செய்து காட்டுகின்றன. பகிர், பகுப்பு, பாதி என்று பகு என்னும் வேரிலிருந்து வரும் சொற்களை அடுக்கிக் காட்டினால், பகுதியெண் என்ற பெயர் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்றாக இல்லாமல் பிள்ளைக்குத் தானாகவே விளங்கிவிடுகிறது.

இப்போது ஐந்தாம் பக்கத்துக்கு வருகிறேன். அங்கே ஆங்கிலம், சிங்களம், தமிழ் என மூன்று நிரல்களில் கலைச்சொற்கள் தரப்பட்டுள்ளன. தமிழ் நிரலில் மேலெண்ணுக்கு நேரே பகுதி என்றும் கீழெண்ணுக்கு நேரே தொகுதி என்றும் மாற்றி அச்சிட்டிருக்கிறார்கள். எட்டாம் பக்கத்தில் அவை சரியான இடத்தில் இருக்கின்றன. பதினோராம் பக்கத்தில் இரண்டையும் கைவிட்டு மேல் எண், கீழ் எண் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே கையேட்டில் மூன்று விதம். அச்சுப் பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது, ஏனெனில் மொழிபெயர்த்தவர் தடுக்கி விழுந்த அதே இடத்தில்தான் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களும் விழுகிறார்கள்.

அன்றாடப் பேச்சில் பகுதி என்பது ஒன்றின் ஒரு துண்டு; தொகுதி என்பது பலவற்றை உள்ளடக்கிய பெரியது. நுவரெலியா மஸ்கெலியாத் தேர்தல் தொகுதி என்று கேட்டு வளரும் பிள்ளைக்குத் தொகுதி என்றால் முழுமை, அதற்குள் வருபவை பகுதிகள். அந்த அறிவோடு நான்கில் மூன்றைப் பார்த்தால், மூன்றுதானே எடுத்த துண்டு, ஆகவே அதுதான் பகுதி. நான்குதானே மொத்தம், ஆகவே அதுதான் தொகுதி என்று அது முடிவு கட்டுகிறது. பிள்ளையின் தருக்கத்தில் குறை எதுவும் இல்லை. பெயர்ச்சொல்லின் வழக்குப் பொருள் ஒரு பக்கம் இழுக்க, வினையடியின் பொருள் மறுபக்கம் இழுக்கிறது. போதாதற்குத் தமிழ்ப் பாடவேளையில் பகுபத உறுப்புகளைப் படிக்கும்போது பகுதி, விகுதி என்று வேறொரு பகுதி வந்து சேர்கிறது. அது பிரகிருதி என்ற வடசொல்லின் திரிபு. கணக்கில் வரும் பகுதிக்கும் அதற்கும் உறவில்லை. இவ்வளவு குழப்பத்துக்கு இடமுள்ள சொற்களுக்கு விளக்கம் எழுதுபவர், பகுத்தது கீழே, தொகுத்தது மேலே என்ற ஒரு வரியையாவது சேர்த்திருக்கலாம். இரண்டு தட்டுகளையும் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அவற்றின் பெயர்கள் ஏற்கெனவே தமிழில் இருப்பதைக் கையேடு கவனிக்கவே இல்லை.

அதே பக்கத்தின் மற்ற இரு நிரல்களும் தம்மளவில் சுவையானவை. டினோமினேட்டர் என்ற ஆங்கிலச் சொல் பெயரிடுதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது, அதாவது பெயரிடுவது. நியூமரேட்டர் என்பது எண்ணுவது. துண்டு எந்த வகையானது என்று கீழெண் பெயர் வைக்கிறது, அந்த வகையில் எத்தனை என்று மேலெண் எண்ணுகிறது. சிங்களத்தில் கீழெண் ஹரய, மேலெண் லவய. ஹர என்பது வடமொழிக் கணித நூல்களில் வகுக்கும் எண்ணைக் குறித்த சொல். லவ என்பது வெட்டியெடுத்த சிறு துண்டு. ஒரே பின்னத்தை ஆங்கிலம் பெயரிட்டு எண்ணுகிறது, சிங்களம் வகுத்து வெட்டுகிறது, தமிழ் பகுத்துத் தொகுக்கிறது. மும்மொழிக் கையேடு ஒன்றுக்கு இதைவிட நல்ல பக்கம் கிடைக்குமா என்று தெரியவில்லை. கையேடோ சொற்களைப் பட்டியலிட்டதோடு நின்றுவிட்டது.

பெயரிடுவது என்ற கருத்தைப் பெட்டியின் நிறங்கள் மிகச் சிறப்பாகச் செய்கின்றன. பின்னங்களைக் கூட்டும்போது இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் சேர்த்து ஐந்தில் இரண்டு என்று எழுதுவது, கணிதம் கற்பிக்கும் எவருக்கும் பழக்கமான பிழை. மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டிவிடுகிறார்கள். சிவப்பு அரையையும் மஞ்சள் மூன்றிலொன்றையும் வெற்றுத் தட்டில் வைத்துவிட்டு, எத்தனை, எந்த நிறம் என்று கேட்டால், இரண்டு என்று தொடங்கிய வாய் நிறத்தைச் சொல்ல முடியாமல் நின்றுவிடும். இரண்டு நிறத்துக்கும் ஒரே பெயர் இல்லை. சிவப்புக்குப் பதிலாக மூன்று பச்சையையும் மஞ்சளுக்குப் பதிலாக இரண்டு பச்சையையும் மாற்றி வைத்த பின்னர் ஐந்து பச்சை என்று சொல்ல முடிகிறது. அது ஆறில் ஐந்து. பொது மடங்குகளுட் சிறியதை ஏன் தேடுகிறோம் என்பதற்கு இதைவிட நேரான விடையை நான் வகுப்பில் பயன்படுத்தியதில்லை. சமவலுப் பின்னம் என்ற பாடத்தையும் இந்த நிறமாற்றத்தை வைத்தே தொடங்கலாம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் விவகாரம் வீட்டிலேயே பழக்கமானது என்பதையும் குறிப்பிட வேண்டும். நிறை குறைந்த நாளில் அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். இரண்டு அரைப்பேர் ஒரு பேர் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வராது. இரண்டு அரைகளைக் கூட்டி நான்கில் இரண்டு என்று கொப்பியில் எழுதும் பிள்ளையிடம் பேர் பதியும் செக்றோல் கணக்கில் அப்படிப் போட்டால் சம்பளம் என்னவாகும் என்று கேட்டால் போதும். கையேட்டின் எடுத்துக்காட்டுகள் பீட்சாவையும் கேக்கையும் தாண்டவில்லை; அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

கையேட்டின் கடைசித் தாளில் வரலாறு என்ற தலைப்பில் அரைப் பக்கம் இருக்கிறது. பின்னம் எகிப்தில் தோன்றியது என்று ஒரு பிரமிட்டின் படத்தோடு சொல்லி முடித்துவிடுகிறார்கள். எகிப்தியர் பின்னங்களைப் பயன்படுத்தியது உண்மை. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட ரைண்ட் பாப்பிரசு அதற்குச் சான்று. ஆனால் அவர்கள் மூன்றில் இரண்டு போன்ற மிகச் சிலவற்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் மேலெண் ஒன்றாகவே உள்ள அலகுப் பின்னங்களாகவே எழுதினார்கள். வாய் வடிவக் குறி ஒன்றை எண்ணுக்கு மேலே இட்டால் அது அத்தனையில் ஒன்று என்று பொருள்பட்டது. எப்போதும் ஒன்றையே எடுப்பவர்களுக்குத் தொகுதியெண் தேவைப்படவில்லை. இந்தக் கையேடு விளக்க வேண்டிய இரண்டு எண்களில் ஒன்று எகிப்தில் இல்லை என்பதுதான் அந்தப் பக்கத்தின் வேடிக்கை.

மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று அடுக்கும் முறை இந்தியாவில் வளர்ந்தது. 1881 இல் பெஷாவருக்கு அருகில் பக்‌ஷாலி என்ற ஊரில் கிடைத்த, பூர்ச்ச மரப்பட்டையில் எழுதிய கணிதச் சுவடியில் பின்னங்கள் அப்படித்தான் இருக்கின்றன. நடுவில் கோடு மட்டும் இல்லை. கோட்டை இட்டவர்கள் அரபு மொழியில் எழுதிய கணிதர்கள். 12 ஆம் நூற்றாண்டில் மொரோக்கோப் பக்கத்தில் வாழ்ந்த அல் ஹஸ்ஸார் அதைப் பயன்படுத்தினார். 1202 இல் பீசா நகரத்து லியனார்டோ, அதாவது பிபனாச்சி, எழுதிய கணித நூல் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றது. பின்னம் என்ற சொல்லும் இதே பாதையின் தடத்தைச் சுமக்கிறது. வடமொழியில் பின்ன என்றால் உடைந்தது, பிளந்தது. அரபியில் பின்னத்தைக் குறிக்கும் கஸ்ர் என்பதற்கும் உடைத்தல் என்றே பொருள். பிராக்ஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் உடைத்தலே. இதை மூன்று வரியில் சொல்லியிருக்கலாம். பிரமிட்டின் படத்துக்கு ஒதுக்கிய இடமே போதுமானதாக இருந்திருக்கும்.

தமிழரின் பழைய பின்னங்களைப் பற்றிக் கையேட்டில் ஒரு சொல்கூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நாம் இன்றும் அரை, கால், முக்கால், அரைக்கால் என்று பேசுகிறோம். அதற்குக் கீழே பதினாறில் ஒன்றான வீசம், இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, 160 இல் ஒன்றான அரைக்காணி, 320 இல் ஒன்றான முந்திரி என்று திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி படித்த பிள்ளைகள் ஒப்பித்தார்கள். இவற்றுக்கு இரண்டடுக்கு எழுத்து தேவைப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி இருந்தது. எட்டேகால் லட்சணம் என்ற வசையின் குறும்பு, தமிழ் எண்ணில் எட்டை அ என்றும் காலை வ என்றும் எழுதியதில் இருக்கிறது; இரண்டும் சேர்ந்தால் அவலட்சணம். இந்தக் குறிகள் 2019 இல் யுனிகோட்டிலும் இடம்பெற்றுவிட்டன, ஆகவே அச்சிட வசதியில்லை என்று தயாரிப்பாளர் சொல்ல முடியாது. இதில் வகுப்புக்கு உதவும் ஒரு நுட்பமும் உண்டு. முக்கால் என்பதைப் பிரித்தால் மூன்று, கால். எண்ணிக்கை முன்னே நிற்கிறது, பெயர் பின்னே நிற்கிறது. தொகுதியெண்ணும் பகுதியெண்ணும் ஒரே சொல்லுக்குள் கோடில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. மும்மா என்றாலும் அவ்வாறே, இருபதில் மூன்று. மூன்று கால் என்பதைப் பன்னிரண்டில் மூன்று என்று எந்தப் பிள்ளையும் எழுதாது, ஏனெனில் கால் என்ற பெயரைப் பெருக்கத் தோன்றாது.

பெரிய பகுதியெண் வரும்போது பெட்டி கைவிட்டுவிடுகிறது, பழைய பெயர்கள் அங்கும் நிற்கின்றன. மலையகத்தில் வீட்டுக்கென வழங்கப்பட்ட ஏழு பேர்ச்சஸ் காணியைப் பற்றி ஒவ்வொரு லயத்திலும் பேச்சு உண்டு. ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். எனவே ஏழு பேர்ச்சஸ் என்பது ஏக்கரை 160 ஆகப் பகுத்து அதில் ஏழைத் தொகுத்தது. ஒரு பேர்ச்சஸ் சரியாக ஏக்கரின் ஓர் அரைக்காணி. பழைய வாய்ப்பாட்டில் எண்பதில் மூன்றுக்கு முக்காணி என்று பெயர். ஏழு பேர்ச்சஸ் ஏக்கரில் முக்காணியும் ஓர் அரைக்காணியும் ஆகும். காணி என்ற சொல் நமக்கு நிலத்தின் பெயராக மட்டும் மிஞ்சியிருப்பதால், அது ஒரு பின்னத்தின் பெயரும்தான் என்று கேட்ட மாணவர்கள் நம்ப மறுத்தார்கள். பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

பொருளாகப் பார்த்தால் பெட்டிக்குச் சில வரம்புகள் உண்டு. முக்கியமானது, ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு வட்டம் மட்டும் இருப்பது. ஒரு வட்டத்தை நான்காகப் பகுத்துவிட்டு ஏழு காலைத் தொகுக்க முடியாது. முறைமைப் பின்னங்களைக் காட்டலாம், முறைமையில்லாப் பின்னங்களைக் காட்ட முடியாது. கையேட்டின் பயிற்சிகளிலோ நான்கில் ஏழும் மூன்றில் ஐந்தும் கலப்பெண்ணாக மாற்றும்படி வருகின்றன. துண்டுகளைக் கொண்டு விடை காணும்படி அறிவுறுத்தலும் இருக்கிறது. பெட்டியில் இல்லாத துண்டுகளைப் பிள்ளை எங்கே தேடும்? இதைச் செய்யும்போது வகுப்பில் இரண்டு பெட்டிகள் இருக்க வேண்டும், அல்லது அட்டையில் இன்னொரு வட்டம் வெட்டிக்கொள்ள வேண்டும்.

கூட்டலிலும் எல்லை உண்டு. மூன்றிலொன்றும் நாலிலொன்றும் சேர்ந்தால் பன்னிரண்டில் ஏழு, அதைக் காட்டலாம். அரையும் ஐந்திலொன்றும் சேர்ந்தால் பத்தில் ஏழு, அதையும் காட்டலாம். ஆனால் காலும் ஐந்திலொன்றும் சேர வேண்டுமென்றால் இருபதாகப் பகுத்த வட்டம் வேண்டும், அது இல்லை. பதினாறு இல்லாததால் வீசத்தையும் காட்ட முடியாது. எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் எதிர்பார்ப்பது நியாயமில்லைதான். ஆயினும் எந்தக் கணக்குகளைத் துண்டுகளால் செய்யலாம், எவற்றைத் தாளில் மட்டும் செய்ய வேண்டும் என்று கையேடு பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

தயாரிப்பின் தரம் மோசமில்லை. துண்டுகளின் விளிம்பு மழுங்கலாக இருப்பதால் கையைக் கிழிக்காது, கீழே விழுந்தாலும் உடைவதில்லை. பன்னிரண்டாக வெட்டிய வட்டம் மட்டும் வார்ப்பில் சற்றுப் பெருத்திருந்தது. பதினொரு துண்டுகள் அமர்ந்த பின் பன்னிரண்டாவது குழிக்குள் இறங்க மறுத்தது. சமமாகப் பகுத்தல் என்பதுதான் பாடத்தின் உயிர் என்னும்போது இந்தக் குறை சிறியதன்று. மாற்றித் தரும்படி கேட்டபோது கடைக்காரர் பற்றுச்சீட்டைக்கூடக் கேட்காமல் வேறொரு பெட்டியைத் திறந்து, அதிலிருந்த பன்னிரண்டையும் தட்டில் அடுக்கிப் பார்த்துவிட்டே தந்தார். வாங்குபவர்கள் கடையிலேயே அப்படி அடுக்கிப் பார்த்து வாங்குவது நல்லது. கையேட்டின் தாளும் எங்கள் காலநிலைக்கு ஏற்றதன்று. தென்மேற்குப் பருவமழை தொடங்கிய சில வாரங்களில் அட்டை ஊறிப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மழைக்காலத்தில் அதைப் பிளாஸ்டிக் உறையில் வைக்கவும்.

வீட்டில் ஒரு பிள்ளைக்காக மட்டும் வாங்குவதென்றால் இந்த விலை அதிகம் என்றே கருதுகிறேன். அட்டை, கத்தரிக்கோல், நிறப் பென்சில், இரண்டு சாப்பாட்டுத் தட்டுகள் இருந்தால் இதே வேலையின் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம். நிறத்துக்கு ஒரு பெயர், எடுத்ததை வைக்க வேறொரு தட்டு என்ற இரண்டு விதிகளையும் விடாமல் இருந்தால் சரி. பாடசாலைக்கும் மாலை வகுப்பு நடத்துபவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன், முடிந்தால் இரண்டு பெட்டிகளாக. வாங்கியதும் ஐந்தாம் பக்கத்தின் தமிழ் நிரலில் இரண்டு சொற்களையும் பேனையால் வெட்டி இடம் மாற்றி எழுதிவிடவும். அதன் அருகில் பகுத்தது கீழே, தொகுத்தது மேலே என்று ஒரு வரி சேர்க்க ஓரத்தில் வேண்டிய இடம் விட்டிருக்கிறார்கள்.